கியர் வேண்டாம்... சக்கரம் பெரிதாக இருக்கட்டும்!

மோர்டனில் முந்நூறு பவுண்டைக் கையில் வைத்துக்கொண்டு மலை சைக்கிள் தேடுகிறவரின் கண்ணில் முதலில் எது படும் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். 21 கியர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், சிலவற்றில் பின்னாலும் ஒரு ஸ்பிரிங், ஃபிரேம் முழுக்கப் பளபளக்கும் எழுத்து. இப்படிப்பட்ட சில சைக்கிள்களின் கையேட்டைப் புரட்டினால், கரடுமுரடான பாதையில் ஓட்டுவதற்கானது அல்ல என்ற எச்சரிக்கை சின்ன எழுத்தில் இருக்கும். அந்தக் காசுக்கு, பழையதாகவாவது, இன்னொரு வகை சைக்கிளும் கிடைக்கும். முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், ஸ்பிரிங் இல்லாத எஃகு ஃபோர்க், 29 அங்குலச் சக்கரம். கடை வாசலில் இதை நிறுத்தி வைக்க மாட்டார்கள், தேடித்தான் பிடிக்க வேண்டும். குறைந்த காசில் மண்பாதை ஓட்ட நினைக்கும் லண்டன் தமிழர்களுக்கு இந்த இரண்டாவது வகையைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

மோர்டனை வைத்து ஏன் பேச வேண்டும்? பாதாள ரயிலின் நார்தர்ன் லைன் தெற்கே வந்து முடியும் இடம் இது. 1926 செப்டம்பரில் நிலையம் திறந்தபோது சுற்றிலும் வயல்வெளி. ரயில் வந்த பிறகு வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. இன்று டூட்டிங், கோலியர்ஸ் வுட், மிச்சம், மோர்டன் என்று நீளும் இந்தத் தென்மேற்கு லண்டன் பட்டையில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பெரும்பாலோர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். பக்கத்து விம்பிள்டனில் 1981-லிருந்தே பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஊரின் மடியிலேயே வாண்டில் ஆறு ஓடுகிறது. ஒரு காலத்தில் மூக்குப்பொடி அரைத்த ஆலைகளோடு நிற்கும் மோர்டன் ஹால் பூங்காவுக்குள் புகுந்து, ஆற்றோரமாகவே சைக்கிள் பாதை தேம்ஸ் வரைக்கும் போகிறது. இன்னொரு பக்கம், ஊரைத் தொட்டுச் செல்லும் ஏ24 சாலையில் தெற்கே பத்துக் கிலோமீட்டர் சுற்று மிதித்தால் எப்சம் டவுன்ஸ் வந்துவிடும். அங்கே தொடங்கும் சுண்ணாம்புக் குன்றுகள் சர்ரே மாவட்டத்துக்குள் அலையலையாக விரிகின்றன. பாதாள ரயிலில் மோர்டனிலிருந்து முழு சைக்கிளை ஏற்ற அனுமதி இல்லை, மடக்கு சைக்கிளுக்கு மட்டும்தான். ஆகவே இங்கே வாங்கும் சைக்கிள் வீட்டு வாசலிலிருந்தே ஓட்டிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். தார்ச் சாலை, ஆற்றோரச் சரளை, குன்றின் களிமண் மூன்றையும் ஒரே வண்டி சமாளிக்க வேண்டும்.

குறைந்த விலை சைக்கிளில் காசு எங்கே போகிறது என்று பார்த்தால் என் சிபாரிசின் காரணம் புரியும். முந்நூறு பவுண்டுக்குள் ஃபிரேம், இரண்டு சக்கரம், பிரேக், முன் கியர் மாற்றி, பின் கியர் மாற்றி, இரண்டு ஷிஃப்டர், ஸ்பிரிங் ஃபோர்க் எல்லாவற்றையும் அடக்க வேண்டுமானால், தயாரிப்பாளர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைக்கத்தான் செய்வார். மலிவு விலை ஸ்பிரிங் ஃபோர்க் தனியாகவே இரண்டரைக் கிலோ வரும். இரண்டு குளிர்காலம் சேற்றில் நனைந்தால் துருவேறி இறுகிவிடும், அதற்குப் பிறகு அது வெறும் சுமை. கியர் மாற்றியின் கதையும் இதுதான். லண்டன் களிமண் அதன் குட்டிப் பற்களுக்கிடையே ஏறிக்கொண்டால் செயின் தாவும், நழுவும், ஒரு கிளையில் சிக்கினால் வளையும். இத்தனையையும் கழித்துவிட்டால் மிஞ்சும் காசு ஃபிரேமுக்கும் ரிம்முக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் போகிறது. ஓட்டுகிறவனைத் தாங்குவதும் நிறுத்துவதும் இவைதான்.

சரி, கியரையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டால் வேர், கல், பள்ளத்தை எப்படிக் கடப்பது? பெரிய சக்கரம் வேலைக்கு வருவது இங்கேதான். பாதையின் குறுக்கே ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரவேர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 26 அங்குலச் சக்கரம் அதைச் சுமார் 32 டிகிரி கோணத்தில் முட்டும். 29 அங்குலச் சக்கரம் சுமார் 30 டிகிரியில். இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். ஒரு மணி நேரச் சவாரியில் நூற்றுக்கணக்கான தடவை முட்டும்போது அந்த இரண்டு டிகிரியை உங்கள் மணிக்கட்டும் இடுப்பும் கணக்கு வைத்திருக்கும். பெரிய சக்கரத்தில் டயர் தரையைத் தொடும் பட்டையும் கொஞ்சம் நீளம், ஈரச் சுண்ணாம்பில் பிடிப்பு கூடும். அதோடு 2.2, 2.3 அங்குல அகல டயரைப் போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தால், ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையில் பாதியை டயரே செய்துவிடும்.

இந்த 29 அங்குலம் உலகத்துக்குப் புதிது, நமக்குப் பழையது. டயர் உட்காரும் விளிம்பின் விட்டத்தை வைத்துத்தான் சக்கரத்தை உண்மையாக அளக்க முடியும். 26 அங்குல மலை சைக்கிளுக்கு அது 559 மில்லிமீட்டர், 27.5-க்கு 584, 29-க்கு 622. நம் ஊர் அப்பாக்கள் ஓட்டிய 28 அங்குல கறுப்பு சைக்கிளுக்கு எவ்வளவு தெரியுமா? 635. மதுரையிலும் மட்டக்களப்பிலும் வாழைத்தார் கட்டி ஓடிய சைக்கிளின் ரிம், இன்று பந்தயக்காரர்கள் ஓட்டும் மலை சைக்கிளின் ரிம்மைவிட 13 மில்லிமீட்டர் பெரியது. அதுவும் ஒரே கியர், அதற்கும் ஸ்பிரிங் கிடையாது, அது ஓடியதும் மண்பாதையில்தான். வித்தியாசம் டயரின் அகலத்திலும் பிரேக்கிலும் ஹேண்டில்பாரிலும் மட்டுமே.

அந்தக் கறுப்பு சைக்கிள் புறப்பட்டதும் இங்கிலாந்திலிருந்துதான். பர்மிங்காமில் 1910-ல் தொடங்கிய ஹெர்குலிஸ் நிறுவனம் சாமானியர்கள் வாங்கக்கூடிய விலையில் சைக்கிளைச் செய்து காலனி நாடுகளுக்கெல்லாம் கப்பலேற்றியது. பின்னால் அதை வாங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், 1949-ல் சென்னை முருகப்பா குழுமத்தோடு கைகோத்தது. 1951-லிருந்து அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் உருவானது. அந்த இரும்பு வண்டியில்தான் நம் பிள்ளைகள் குரங்குப் பெடல் போட்டுப் பழகினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களை சைக்கிளில் ஏற்றியபோது, பெண்களுக்கான வண்டி போதாமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே அவர்கள் ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்த ஆண்டுகளில் குடாநாட்டின் போக்குவரத்தே சைக்கிளை நம்பித்தான் நடந்தது.

மேற்கில் நடந்தது வேறு. எழுபதுகளில் கலிபோர்னியாவின் டமால்பயஸ் மலையில் பழைய ஷ்வின் சைக்கிள்களை உருட்டி விளையாடிய இளைஞர்கள்தான் மலை சைக்கிள் என்ற வகையையே உருவாக்கினார்கள். அந்த ஷ்வின்களுக்கு 26 அங்குலத் தடித்த டயர் இருந்தது, அதனால் மலை சைக்கிள் முழுக்க 26 ஆயிற்று. இந்த அளவுதான் சிறந்தது என்று யாரும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. 1999-ல் டபிள்யூடிபி நிறுவனம் 622 ரிம்முக்கு மலைப்பாதை டயரைக் கொண்டுவந்த பிறகுதான் பெரிய சக்கரத்துக்கு வழி திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சர்லி நிறுவனத்தின் 'கராத்தே மங்கி' போன்ற எஃகு ஃபிரேம்கள் ஒரே கியரோடும் 29 அங்குலச் சக்கரத்தோடும் வந்தன. பிரிட்டனில் ஆன்-ஒன் நிறுவனத்தின் 'இன்பிரெட்' எஃகு ஃபிரேம் குறைந்த விலையில் இதையே செய்தது. இன்றும் பழைய சைக்கிள் சந்தையில் பட்ஜெட்காரர்கள் முதலில் தேடும் பெயர்களில் அது ஒன்று. கோனா நிறுவனத்தின் 'யூனிட்' இன்னொன்று. பெரிய சக்கரம் குறித்த சண்டை ஓய்ந்தது லண்டன் ஒலிம்பிக்ஸில் என்று சொல்லலாம். 2012-ல் எசெக்ஸின் ஹாட்லி பண்ணையில் நடந்த ஆண்கள் மலை சைக்கிள் போட்டியில் செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரத்தில் தங்கம் வென்றார். அந்தப் பாதையில் இன்று யார் வேண்டுமானாலும் போய் ஓட்டலாம்.

இப்போது கியர் கணக்கு. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே கணக்கு இதுதான். முன் பல்சக்கரத்தில் 32 பல், பின்னால் 18 பல் என்றால், பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 29 அங்குல சைக்கிள் நான்கு மீட்டர் சொச்சம் நகரும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஊர்க் கறுப்பு சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 44, பின்னால் 18. ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் போகும். சமதளத்துக்கு அது சரி, சர்ரேயின் பாக்ஸ் ஹில் ஏற்றத்துக்கு முழங்கால் கேட்காது. பழைய 26 அங்குல சைக்கிளுக்கு 32-க்கு 16 என்பது எழுதாத விதி. சக்கரம் பெரிதானதால் அதே மிதிக்கு இங்கே 18 வேண்டும். வாரநாளில் டூட்டிங் வரை வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் பின்னால் 16 போதும். குன்றுதான் குறி என்றால் 18, முதல் ஆண்டில் 20 வைத்தாலும் தப்பில்லை. பின் பல்சக்கரத்தின் விலை அதிகமில்லை, இரண்டு அளவு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எங்கே வாங்குவது? புதிதாக, கம்பெனியில் பொருத்தியே வரும் ஒற்றை கியர் 29 அங்குல சைக்கிள்கள் இப்போது குறைவு, இருப்பவற்றின் விலையும் பட்ஜெட்டைத் தாண்டும். மிஞ்சும் வழி இரண்டு. பழைய ஒற்றை கியர் சைக்கிளை ஒருவரிடமிருந்து நேரில் பார்த்து வாங்குவது ஒன்று. ஸ்பிரிங் கெட்டுப்போய், கியர் மாற்றி உடைந்து, மூலையில் நிற்கும் நல்ல 29 அங்குல சைக்கிளை மலிவாக வாங்கி ஒற்றை கியராக மாற்றுவது இன்னொன்று. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி. பின் சக்கரத்தின் பல்லடுக்கைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு பல்சக்கரமும் இரு பக்கமும் இடைவெளி வளையங்களும் போட வேண்டும். அந்த மாற்றுப் பொருள்கள் சின்னப் பெட்டியாகவே விற்கின்றன. ஃபோர்க்கை எஃகு ஃபோர்க்காக மாற்றும்போது அளவு முக்கியம். 29 அங்குலத்துக்கான நீளத்தில் வாங்காவிட்டால் ஹேண்டில் தாழ்ந்து சைக்கிளின் குணமே மாறிவிடும்.

பழைய சைக்கிளைப் பார்க்கப் போகும்போது என்ன பார்ப்பது? மோர்டன் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நான் கண்டதைச் சொல்கிறேன். வாங்க வந்தவர் லண்டனில் பிறந்த இளைஞர், கூட வந்தவர் யாழ்ப்பாணத்து அப்பா. விற்பவர் டயரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா குனிந்து பின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டார். சுழலும்போதே ரிம்மையும் பிரேக் டிஸ்க்கையும் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு செயினின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"தம்பி, செயின் தொய்ஞ்சு கிடக்கு. சில்லைப் பின்னுக்கு இழுக்கோணும். இழுக்க இடம் இருக்கோ எண்டு பார்."

"கியர் இல்லாம உங்களுக்குப் பரவாயில்லையா அப்பா?"

"எங்கட காலத்தில ஆர் கியர் பாத்தது? மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒழுங்கையெல்லாம் மிதிச்சனாங்கள்."

அப்பா கேட்டதுதான் ஒற்றை கியர் சைக்கிளில் முதல் கேள்வி. பின் அச்சு உட்காரும் பிளவு கிடைமட்டமாகப் பின்பக்கம் திறந்திருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கலாம். இன்பிரெட்டில் அப்படிப் பிளவு வைத்த வகை உண்டு. பிளவு செங்குத்தாக இருந்தால் இழுக்க வழியில்லை, தனியாக ஒரு டென்ஷனர் போட வேண்டும். சேற்றில் அதுவும் ஒரு தொல்லை, ஆனாலும் மோசமில்லை. செயின் நடுவில் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் ஆடினால் சரியான இறுக்கம். அதிகம் ஆடினால் மிதிக்கும் நேரத்தில் கழன்றுவிடும், துளியும் ஆடாவிட்டால் அச்சின் பால்ஸைத் தின்றுவிடும்.

அடுத்து கிராங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்றால் நடு அச்சு போயிருக்கிறது. மாற்ற முடியாதது அல்ல, விலையில் குறைக்கச் சொல்லலாம். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் தண்டின் ஆட்டம் தெரிந்துவிடும். ஸ்போக்குகளை இரண்டிரண்டாக விரலால் அமுக்கிப் பார்த்தால் தளர்ந்தது எது என்று கை சொல்லும். கோட்டம் எடுக்க ஒரு மெக்கானிக் போதும். உடைந்த ரிம்முக்கு மருந்தில்லை. செயின் தேய்மானம் பார்க்கும் சின்னக் கருவியில் 0.75-ஐத் தாண்டியிருந்தால் புதுச் செயின் வாங்கும் காசைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பின் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிறதா என்பதையும் பார்க்கத் தவறாதீர்கள். நுழையாவிட்டால் குளிர்காலத்தில் எப்சம் போய்த் திரும்பும்போது களிமண் அடைத்துச் சக்கரம் சுற்றவே மறுக்கும், தள்ளிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

முன் பிரேக் எந்தக் கைக்கு என்று கேளுங்கள். பிரிட்டனில் நம் ஊர் போலவே வலது கைதான் முன் பிரேக். வெளிநாட்டிலிருந்து வந்த சைக்கிளில் மாறியிருக்கும். இறக்கத்தில் அவசரத்துக்குத் தவறான கையை அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, திருட்டு சைக்கிளை வாங்கிவிடாதீர்கள். லண்டனில் சைக்கிள் திருட்டு அன்றாடச் சேதி. ஃபிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் குத்தப்பட்டிருக்கும். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி எண்ணைப் படித்து, காவல்துறையும் பயன்படுத்தும் பைக்ரெஜிஸ்டர் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். விற்பவரின் வீட்டில் வைத்து, பழைய ரசீதைக் கேட்டு வாங்குவதே நல்லது. வாங்கியதும் உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள். பூட்டுக்கு 'சோல்ட் செக்யூர்' தங்கத் தரம் கேளுங்கள்; இருநூறு பவுண்டு சைக்கிளுக்கு ஐம்பது பவுண்டுப் பூட்டு என்பது வீண் செலவு அல்ல.

வாங்கியாயிற்று. எங்கே ஓட்டுவது? இங்கிலாந்தில் இதற்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1968-ம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வெறும் நடைபாதையில் அந்த உரிமை இல்லை. விம்பிள்டன் காமனில் குறிப்பிட்ட தடங்களில் மட்டும் அனுமதி. ரிச்மண்ட் பூங்காவில் 11 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவரும் டாம்சின் பாதை, புதிதாக ஓட்டுகிறவருக்கு நல்ல பள்ளிக்கூடம். பாதையை விட்டுப் புல்லில் இறங்கக் கூடாது, அங்கே மான்கள் இருக்கின்றன.

மோர்டன்காரர்களுக்கு நான் சொல்லும் பாதை வேறு. ரோமானியர்கள் லண்டனிலிருந்து சிசெஸ்டருக்குப் போட்ட ஸ்டேன் ஸ்ட்ரீட் சாலை டூட்டிங், கோலியர்ஸ் வுட், மோர்டன் வழியாகத்தான் போயிற்று. இன்றைய தார்ச் சாலை பல இடங்களில் அதன் மேலேயே கிடக்கிறது. எப்சமைத் தாண்டினால் அதே ரோமானியச் சாலை பெபிள் லேன் என்ற பெயரில் மண்பாதையாகவே மிஞ்சியிருக்கிறது. எம்25 நெடுஞ்சாலையைப் பாலத்தால் கடந்து, மரங்களுக்கு நடுவே நேர்கோடாக மிக்கிள்ஹாம் டவுன்ஸ் வரை ஏறுகிறது. சுண்ணாம்பு, உருண்டைக் கல், வேர், மழைக்காலத்தில் சேறு எல்லாம் அதில் உண்டு. ஆனால் உயிரைப் பணயம் வைக்கும் இறக்கம் எதுவும் இல்லை. ஒற்றை கியருக்கும் பெரிய சக்கரத்துக்கும் அளவெடுத்துத் தைத்த பாதை அது. திரும்ப மிதிக்கத் தெம்பில்லையென்றால் கீழே இறங்கி பாக்ஸ் ஹில் நிலையத்தில் ரயில் ஏறலாம். விம்பிள்டனில் இறங்கினால் வீடு பக்கம். அலுவலக நெரிசல் நேரத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, ஞாயிற்றுக்கிழமை தொந்தரவில்லை.

இன்னும் தெற்கே ஹோம்பரி, பிட்ச் ஹில் மணற்குன்றுகள் இருக்கின்றன. நாடெங்கிலுமிருந்து மலை சைக்கிள்காரர்கள் தேடி வரும் இடம். அங்கே போவதற்கு முன் ஒரு குளிர்காலம் பெபிள் லேனில் பழகுங்கள்.

பராமரிப்பு பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே இந்த சைக்கிளின் பெரிய லாபம். ஓட்டி வந்ததும் சேற்றைக் கழுவி, செயினைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய். மாதம் ஒருமுறை பின் சக்கரத்தைக் கொஞ்சம் இழுத்து இறுக்கினால் சரி. ஒரு ஸ்பேனர், நான்கைந்து ஆலன் சாவி, ஒரு பம்பு, ஒரு மாற்று டியூப் போதும். கடையில் சர்வீஸுக்கு விட்டு ஒரு வாரம் காத்திருக்கிற நிலை வராது.

எல்லாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு 29 அங்குலச் சக்கரம் பெரும்பாலும் இடைஞ்சல்தான். திருப்பத்தில் கால் விரல் முன் டயரில் தட்டும், பாரைத் தாண்டி நிற்பதும் கஷ்டம். அவர்களுக்கு 27.5 அங்குலத்திலோ, மலிவாகக் கிடைக்கும் பழைய 26 அங்குல எஃகு ஃபிரேமிலோ ஒற்றை கியர் போட்டுக்கொள்வது நல்லது. முழங்காலில் ஏற்கெனவே வலி இருப்பவர்கள் கியரை விடக் கூடாது; முன்னால் ஒன்று, பின்னால் அகன்ற பல்லடுக்கு என்ற அமைப்பில், ஸ்பிரிங் இல்லாத சைக்கிளைத் தேடலாம். குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து ஏற்றத்தில் போக வேண்டியவர்களுக்கும் அதே பதில். மற்றவர்கள் முதலில் இரவல் வாங்கியாவது ஒரு ஒற்றை கியர் சைக்கிளை வாண்டில் கரையில் ஒரு சனிக்கிழமை ஓட்டிப் பாருங்கள். சின்ன ஏற்றம் வரும்போது கியரைத் தேடி விரல் போகும், கிடைக்காது, எழுந்து நின்று மிதிப்பீர்கள். அது பிடித்திருந்தால் வாங்கலாம்.